ஏழாம் நம்பர் கண்டக்டர்

நான் ஓட்டிய ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஒன்பது வருடம் எனக்குப் பின்னால் நின்று டிக்கெட் கிழித்தவர் அக்கா. விசில் ஊதமாட்டார். தொண்டையிலிருந்தே ஒரு 'ரைட்' கொடுப்பார். எஞ்சின் சத்தத்தைத் தாண்டி என் காதுக்கு வந்துவிடும். டிப்போவில் எல்லோருக்கும் அவர் ரைட்டக்காதான்.

எங்கள் பஸ் மார்க்கெட்டில் கிளம்பி, பெரிய ஆஸ்பத்திரி வழியாகக் குன்றின் உச்சி வரை போகும். உச்சியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, நாலு தெரு, அவ்வளவுதான். அங்கே நின்றால் ஊர் முழுக்கத் தெரியும். எங்களுக்கு அது ஒரு விஷயமாகவே இருந்ததில்லை. யாரோ ஒரு புண்ணியவான் அங்கிருந்து படம் எடுத்து இன்டர்நெட்டில் போட்டார். அடுத்த கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்து குவிந்ததில் பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை.

அக்கா அவர்களை வெறுத்தார் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். சுத்தப் பொய். 'படி, பார்த்து' என்பதை நாலு மொழியில் கேட்டுக் கற்று, டிக்கெட் கட்டின் அட்டையில் எழுதி வைத்திருந்தார். அவர் சொல்கிற அழகைக் கேட்டு வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், இவரும் சேர்ந்து சிரிப்பார். ஒருமுறை ஒரு குழந்தை விட்டுப்போன ஒற்றைச் செருப்பைத் தூக்கிக்கொண்டு தெருக்கோடி வரை ஓடிக் கொடுத்துவிட்டு வந்தார். மகள் ஒரு ஓட்டலில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தாள். "அவ அங்க வாங்கங்கிறா, நான் இங்க ஏறுங்கங்கிறேன். குடும்பத்தொழில் ஆகிப்போச்சு தம்பி" என்பார்.

ஆனால் உள்ளூர்க்காரர்கள் தொங்கிக்கொண்டு போக, பெட்டிகள் சீட்டில் உட்கார்ந்து வர ஆரம்பித்தன. டூட்டிக்கு நேரமாகிவிட்ட நர்சுகளும் கூடைக்காரிகளும் வெளியூர்க்காரர்களை ஒன்றும் சொல்லமாட்டார்கள். பாஷை தெரிந்த அக்காவைத்தான் வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். அவரோ இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் உள்ள போங்க, உள்ள போங்க" என்பார், அவ்வளவுதான்.

உச்சித் தெருவில் ஒரு டிராயிங் வாத்தியார் இருந்தார். ஓய்வு பெற்றவர், சிறுநீரகம் கெட்டுப்போனவர். வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு எங்கள் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்புவார். ஒரு செவ்வாய்க்கிழமை எங்களுக்கு முன்னால் மூன்று பஸ் அவரை ஏற்றாமலே போயிருந்தது. அக்கா கையைக் கொடுத்து ஏற்றினார். முகம் சாம்பலாக இருந்தது, கால் நடுங்கியது.

கதவோரம் இரண்டு சீட். ஒன்றில் ஒரு வெளியூர்ப் பெண், அடுத்ததில் அவள் பெட்டி. புருஷன் பக்கத்தில் நின்றிருந்தான். அக்கா சைகை காட்டினார். டிக்கெட் கேட்கிறார் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தபடி டிக்கெட்டை நீட்டினாள். வாத்தியாரின் முழங்கால் மடங்கிவிட்டது. அக்கா பெட்டியைத் தூக்கிப் படியோரம் வைத்தார். கதவு இன்னும் மூடவில்லை.

பின்னால் பத்து வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நான் பஸ்ஸை எடுத்தேன்.

அக்கா ரைட் சொல்லவில்லை. இதை இத்தனை நாள் கழித்து எழுதுவதால் எனக்கு எந்தப் பெருமையும் இல்லை. பெட்டி சரிந்து ரோட்டில் விழுந்து வாய் பிளந்தது. துணிமணியெல்லாம் சாக்கடையோரம் சிதறியது. அந்தப் பெண் அழுதாள்.

யாரோ எடுத்த பதினாலு செகண்டு வீடியோ அன்று சாயங்காலமே ஊர் சுற்றியது. அக்கா பெட்டியைப் பிடுங்குவது தெரிகிறது, பெட்டி வெளியே விழுவது தெரிகிறது. வாத்தியார் தெரியவில்லை. பஸ் நகர்ந்ததும் தெரியவில்லை. மகளின் ஓட்டலில் தங்கியிருந்த ஒருவர் அவளிடமே அதைக் காட்டி, "இந்தப் பொம்பளைகிட்ட மாட்டாம எப்படிப் போறது?" என்று வழி கேட்டாராம். வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் நாலு நாள் பேசவில்லை.

டிப்போவில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முன்னால் அக்காவும் நானும் வாத்தியார் வீட்டுக்குப் போனோம். மருமகன் வாசலை விட்டு நகரவில்லை. மாடியில் இரண்டு அறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தான்.

"மாமா பேரை இதுல இழுக்காதீங்க. தங்கிட்டுப் போறவங்க எங்க வீட்டைப் பத்தி இப்பதான் நல்லபடியா எழுதுறாங்க" என்றான்.

"வந்து நடந்ததைச் சொன்னா போதும். எனக்காகப் பொய்யா சொல்லச் சொல்றேன்?" என்றார் அக்கா.

"அவருக்கு உடம்பு முடியல."

உள்ளே வாத்தியார் இருமுவது கேட்டது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். இருமல் மட்டும்தான் வந்தது.

விசாரணை அதிகாரி என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "கண்டக்டர் ரைட் குடுத்தாங்களா?"

உச்சிக்குப் புதிதாகச் சுற்றுலா பஸ் விடப்போகிறார்கள், அதற்கு டிரைவர் பட்டியல் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

"குடுத்தாங்க சார். கேட்டுத்தான் எடுத்தேன்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். மறுத்துப் பேசுவார் என்று காத்திருந்தேன். அவர் தலையை மேசைப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார். மன்னிப்புக் கடிதம் அவர்களே தட்டச்சு செய்து வைத்திருந்தார்கள். அக்காவைப் பஸ்ஸிலிருந்து எடுத்து டிப்போ ஸ்டோருக்குப் போட்டார்கள். துடைப்பம், பினாயில், பழைய டயர், நடுவில் ஒரு ஸ்டூல்.

மூன்று மாதம் கழித்து ஆபீஸ் கிளார்க் ஒரு தாளைக் காட்டினார். அந்த வெளியூர்த் தம்பதி எழுதியது. மொழிபெயர்த்து ஃபைலில் போட்டு மூடியிருந்தார்கள். 'பெட்டியைச் சீட்டில் வைத்தது எங்கள் தவறு. அந்த அம்மா அதை எறியவில்லை. நோயாளி ஒருவருக்கு இடம் கொடுத்தார். அந்த அம்மா எதுவும் சொல்வதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. அவரைத் தண்டிக்காதீர்கள்.' தேதியைப் பார்த்தேன். விசாரணைக்கு இரண்டு நாள் முந்தியே வந்திருந்தது.

மனசு கேட்காமல் ஸ்டோருக்குப் போய்ச் சொன்னேன். அக்கா துடைப்பக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். முழுதும் கேட்டார்.

"அந்தப் பொண்ணு கவனிச்சிருக்கா, பாரேன்" என்றார். பிறகு, "அவங்களுக்கு யாராவது பதில் போட்டாங்களா?"

"இல்லக்கா."

"விலாசம் கிடைக்குமா?"

கிளார்க்கிடம் கேட்டுப் பார்த்தேன். பயணிகள் விவரத்தை ஊழியர்களுக்குத் தரக்கூடாது என்று உத்தரவாம். அதையும் போய்ச் சொன்னேன். அக்கா நிமிரவில்லை.

"நீ என்ன வாங்க வந்த? பினாயிலா, துணியா?"

"ஒண்ணும் இல்லக்கா."

"அப்ப வழிய விட்டு நில்லு. பின்னாடி ஆள் நிக்குது."