தவக்காலத்தில் ஒரு இடைவேளை

தவக்காலத்தில் சினிமா கூடாது என்பது எங்கள் வீட்டில் மாமனார் போட்ட சட்டம். ஒரு வெள்ளிக்கிழமை, ரவிக்கை தைக்கக் கொடுத்து வருவதாகச் சொல்லிவிட்டுத் தஞ்சாவூரில் மேட்னி பார்க்கப் போனேன். ஒருவருக்கொருவர் ஒளித்துத் திரியும் குடும்பத்தைப் பற்றிய சிரிப்புப் படம். பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரித்தார். இடைவேளையில் திரும்பினால், உளுந்து வயலைப் பார்க்கப் போயிருந்த மாமனார். முன்வரிசையில், சிலுவைப்பாதைக்குப் போயிருந்த மாமியார்.

“வந்தது வந்தாச்சு, மிச்சத்த ஒண்ணா உக்காந்து பாப்போம்” என்றார் மாமனார்.

மாலையில் துபாயிலிருந்து என் கணவர் ஃபோன் செய்தார். “எல்லாரும் கோயிலுக்குப் போய்ட்டு வந்தோம்ப்பா” என்று கூசாமல் சொல்லிவிட்டு, மாமனார் ரிசீவரை என்னிடம் தந்தார்.

“நானும் கோயில்லேருந்து இப்பதான் வந்தேன்” என்றார் கணவர். அவருக்குப் பின்னால், வீடியோ டெக்கில் நாங்கள் பார்த்த அதே படத்தின் வசனம் கேட்டது.

நான் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்குத்தான் துபாய் பக்கத்து ஊர் மாதிரி இருந்தது.