ஊரடங்குக்கு வெட்டிய மல்லிகை

ஆலங்குடிக்குக் கிழக்கே கஜா புயல் மிச்சம் வைத்த தென்னை கொஞ்சம்தான். பிரகதாம்பாள் வீட்டில் அந்தக் கொஞ்சமும் இல்லை. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்திய கையோடு, "இனித் தென்னை வச்சுக் காய் பாக்குறதுக்குள்ள நமக்குக் கிழடு தட்டிரும். மல்லிகை வைப்போம்" என்றாள். அவள் புருசன் அய்யாக்கண்ணுக்கு அதில் சம்மதமே இல்லை. "பூ என்ன புளியா, பானையில போட்டு வைக்கிறதுக்கு? அன்னன்னைக்கு விக்கலைன்னா அன்னன்னைக்குக் குப்பை" என்றார். அவள் கேட்கவில்லை. கன்று வாங்கி, குழி எடுத்து, குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்தாள்.

செடி இடுப்புக்கு வந்து, முதல்முதலாக நிறைந்து பூக்க வந்த பங்குனியில்தான் நாடு முழுக்க ஊரடங்கு என்று டிவியில் சொன்னார்கள்.

மறுநாள் விடிவதற்கு முன்னால் அவள் மடி கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"இந்தா, எங்கிட்டு கெளம்பிட்ட? பஸ்ஸு இல்ல, கடை இல்ல, கோயிலு இல்ல. யாருக்குப் பறிக்கப் போற?"

"செடிக்குத்தான்" என்றாள்.

வீம்புக்குச் சொன்னதில்லை. மொட்டுகளைச் செடியிலேயே விட்டால் விரிந்து கருகும். கருகினதில் புழு விழும். புழு அடுத்த மொட்டையும் துளைக்கும். செடியும் இது போதும் என்று சோம்பி நின்றுவிடும். வாங்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மல்லிகையைப் பறித்துத்தான் ஆக வேண்டும். அவள் குனிந்து குனிந்து பறித்தாள். பறித்ததைக் கொண்டுபோய்க் குப்பைக்குழியில் கொட்டினாள். சாணி கிடந்த அந்தக் குழி சித்திரை முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணத்தது. தெருவில் வாசல் தாண்ட முடியாத பொம்பளைகள் எல்லாரும் தலை கொள்ளாமல் பூ வைத்துக்கொண்டு அடுப்படியில் நின்றார்கள். அடுத்த வீட்டுப் பரிமளா வேலி ஓரம் வந்து, "அக்கா, எங்க ஆட்டுக்குட்டிக்கும் ஒரு மொழம் குடுங்க. அதுக்கு மட்டும் தலை இல்லையா?" என்று கேட்டுச் சிரிப்பாள். பிரகதாம்பாளுக்குச் சிரிப்பு வராது. இடுப்புதான் வலிக்கும்.

அப்புறம் சட்டம் மாறத் தொடங்கியது. கீரமங்கலத்தில் பூக்கடை வைத்திருந்த சாதிக் பாய் போனில் கூப்பிடுவார். "அக்கா, பத்து மணிக்குக் கடையச் சாத்தணுமாம். வெரசாக் கொண்டாந்துருங்க" என்பார். கொண்டுபோவாள். கொஞ்ச நாளில், "அக்கா, இப்ப பன்னெண்டு வரைக்கும் தொறக்கலாமாம். ஆனா கல்யாணத்துக்கு அம்பது பேருதான்னுட்டாங்க. அம்பது பேருக்கு எம்புட்டுப் பூவுக்கா வேணும்?" என்பார். இன்னொரு நாள், பறித்து மூட்டை கட்டி ரோட்டுக்கு வந்த பிறகு, "அக்கா, இன்னைக்கு வேணாங்க" என்பார். மாஸ்க் போடாமல் மூட்டையோடு நின்றதற்குப் போலீஸ்காரர் ஒரு தரம் சத்தம் போட்டார். மாஸ்க் போட்டுக்கொண்டு போன அன்று, தளர்வு கொடுத்தாச்சே, இன்னும் எதுக்கு என்று டீக்கடைக்காரர் கேலி பண்ணினார். இன்றைக்கு எது சரி என்று கேட்டுத் தெரிந்துகொள்வதே தனி வேலையாகப் போய்விட்டது.

ஒரு வருசம் அப்படிப் போனது. அடுத்த வருசம் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், சித்திரைக் கடைசியில் மறுபடியும் முழுசாக அடைத்தார்கள். மறுபடியும் குப்பைக்குழி.

வைகாசி முடிகையில் அய்யாக்கண்ணு தீர்மானமாகச் சொல்லிவிட்டார். "போதும்டி. முத்துராஜுக்கிட்ட டிராக்டருக்குச் சொல்லிட்டேன். பூராத்தையும் புடுங்கிட்டுக் கடலை போடுவோம். கடலை மூட்டையில கெடக்கும், பூவு மாதிரி ஒன்னைய விடியுமுன்ன ஓடச் சொல்லாது."

"ஒரு வெட்டு பாக்குறேங்க" என்றாள் அவள். "இப்பக் கவாத்து வெட்டிவிட்டா ரெண்டு மாசம் பூக்காது. இவுக அடைச்சுப் போட்டிருக்கிற நாளு அப்படியே கழிஞ்சிரும். தளிர் விட்டு ஆவணி முகூர்த்தத்துக்குச் சரியாப் பூத்து நிக்கும். அந்தப் பூவும் விக்கலைன்னா நீங்க உழுதுக்கங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அவள் போட்ட கணக்கு அவளுக்குச் சரியாகத்தான் பட்டது. கார்த்திகை, மார்கழியில் வெட்ட வேண்டிய செடியை ஆனியில் வெட்டினாள். கிளை கிளையாகக் கழித்து, எலையை உருவிப்போட்டு, தோட்டம் முழுக்க மொட்டைக் குச்சியாக நிற்க வைத்தாள். வெட்டின கையில் கொப்புளம் ஆறவில்லை, கோயிலைத் திறக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். கடையும் திறந்தது. அடைந்து கிடந்த ஜனமெல்லாம் கோயிலுக்கு ஓடியது. பூவுக்கு அப்படி ஒரு கிராக்கி.

"அக்கா, எம்புட்டு இருந்தாலும் கொண்டாங்கக்கா" என்றார் சாதிக் பாய்.

"குச்சிதான் இருக்கு பாய். கட்டிக் கொண்டாரவா?" என்று போனை வைத்துவிட்டாள்.

பரிமளா வீட்டில் வேலி ஓரமாக நின்ற நாலு செடிப் பூவுக்குக்கூட ஆள் வந்தது. அன்றைக்குச் சாப்பிடும்போது அய்யாக்கண்ணு, "சர்க்காரு ஒன்னையக் கேட்டுட்டுத் தொறந்திருக்கணும்" என்றார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

ஆவணி வந்தது. செடி அவளை ஏமாற்றவில்லை. தளிருக்குத் தளிர் மொட்டு. விடியக் கருக்கலில் பார்த்தால் பொரி கொட்டின மாதிரி இருந்தது தோட்டம். அவள் மடி கட்டி இறங்கிய நேரத்தில், கூட்டம் கூடுகிறதென்று வாராவாரம் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் கோயில்கள் அடைப்பு. மற்ற நாளில் திறந்திருக்கும்தான். ஆனால் திங்கட்கிழமை யார் அம்மனுக்கு அவ்வளவு பூ வாங்குகிறார்கள்? பூவுக்கு நாளே வெள்ளிக்கிழமைதான். முகூர்த்தம் இருந்தது, கல்யாணமும் நடந்தது, அதே அம்பது பேரோடு.

சாதிக் பாய் பாதியை எடுத்துக்கொண்டார். மீதியை எடுக்க அவரால் முடியவில்லை. "மனசு கேக்கலக்கா, ஆனா நானும் கொட்டத்தான் செய்யுறேன்" என்றார். அவள் திரும்பி வந்து பழைய குழியிலேயே கொட்டினாள்.

மறுநாள் காலையில் முத்துராஜ் டிராக்டரோடு வந்து வரப்பில் நின்றான். அவள் பாதித் தோட்டம் பறித்திருந்தாள்.

"அத்தை, கொஞ்சம் ஒதுங்குங்க. டீசல் எரியுது."

"சொன்ன சொல்லு சொன்னதுதான். நல்லா உழுகட்டும்" என்று அவள் புருசனைப் பார்த்துச் சொன்னாள். "ஆனா பூத்து நிக்கிற செடியில எங்க பொறந்த வீட்டுல இரும்பு படவிட மாட்டாக. பறிச்சு முடிச்சிர்றேன்."

"நாளைக்கும் மொட்டு வருமேடி?"

"வந்தா நாளைக்கும் பறிப்பேன்."

"நாளான்னைக்கு?"

அவள் கை அதுபாட்டுக்குப் பறித்துக்கொண்டிருந்தது. முத்துராஜ் இஞ்சினை நிறுத்திவிட்டுச் சிரித்தான். "மாமா, இது இன்னைக்கு ஆகுற காரியமாத் தெரியல. நான் அங்கிட்டுச் சோளக்காட்டுக்குப் போறேன். அத்தை விடுற அன்னைக்குப் போன் போடுங்க."

டிராக்டர் போன பிறகும் அய்யாக்கண்ணு வரப்பிலேயே நின்றார். வெயில் ஏறியது. என்ன நினைத்தாரோ, துண்டை இடுப்பில் மடி மாதிரி கட்டிக்கொண்டு பக்கத்துச் சாலில் இறங்கினார். "பறிச்சாத்தானே முடியும், முடிஞ்சாத்தானே உழுகலாம்" என்று யாருக்கோ சொல்வது போலச் சொன்னார். அவருக்குப் பறித்துப் பழக்கமில்லை.

"எலையோட புடுங்காதீங்க."

"எனக்குச் சொல்லித்தர வந்துட்டா."

அப்படியே தினமும் நடந்தது. ரெண்டு பேரும் பறிப்பார்கள். விற்றது போக மிச்சத்தைக் கொட்டுவார்கள். பேச்சு ஒன்றும் பெரிதாக இல்லை. அவருக்கும் இடுப்பு பிடித்துக்கொண்டது. ரெண்டு பேருக்கும் ஒரே தைலம்.

ஐப்பசி பிறக்கையில் பூ ஓய்ந்தது. செடி பச்சையாக, வெறுமையாக நின்றது. அந்த வாரம்தான் எல்லா நாளும் கோயில் திறக்கலாம் என்று அறிவித்தார்கள். சாதிக் பாய் கூப்பிட்டு, "அக்கா, பூ இருக்கா?" என்றார். இல்லை என்றாள். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அலுப்பு ஒன்றுதான் இருந்தது.

கொட்டடியில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த புருசனிடம் போய் நின்றாள். "பூ முடிஞ்சிருச்சுங்க. முத்துராஜுக்குப் போனப் போடுங்க. இனி நான் குறுக்க நிக்க மாட்டேன்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். "போட்டாச்சு. வேற ஊருக்கு உழுகப் போயிட்டானாம்."

அவர் போன் அணைந்துபோய்க் காலையிலிருந்து உள்ளே சார்ஜில் கிடந்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை.

"கார்த்திகை முடியக் கவாத்து வெட்டணும்ல" என்றார் அவர், மாட்டைப் பார்த்துக்கொண்டே. "இந்தத் தடவையாச்சும் டிவியப் பாக்காம, செடியப் பாத்து வெட்டு."

"நீங்களும் வந்து வெட்டுங்க" என்று பிரகதாம்பாள் கழுநீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தாள். "எனக்குக் கை ஓஞ்சுபோச்சு."