முந்நூறு மருத்துவமனைக்கு ஒரே நாய்

பதினோரு வருஷமாக அந்த மென்பொருள் நிறுவனத்தின் தரவுத்தளத்தைக் கட்டிக் காத்தவளுக்குச் சக ஊழியர்கள் வைத்த பெயர் 'கறார் அக்கா'. முந்நூறு கால்நடை மருத்துவமனைகளின் விவரங்கள் அந்த ஒரே தரவுத்தளத்தில்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அந்தந்த மருத்துவமனையின் எண் இருக்கும்; ஒருவரிடம் வந்த பூனையின் வயிற்றுப்போக்கு இன்னொருவர் கண்ணில் படாது. எல்லாருக்கும் பொதுவாக இருந்தது ஒரே பட்டியல்: நாய், பூனை, முயல், கிளி என்று விலங்கு வகைகள்.

"இதைப் பூட்டி வைக்கணும் சார்" என்று மேலாளரிடம் மூன்று முறை சொல்லிப் பார்த்தாள்.

"நாயைப் போய் யாரும்மா மாத்தப் போறாங்க?" என்று சிரித்தார் அவர்.

மாற்ற ஒரு டாக்டர் இருந்தார். தன் செல்லத்தின் தடுப்பூசிச் சான்றிதழில் 'வகை: நாய்' என்றிருந்ததைப் பார்த்து ஒரு வாடிக்கையாளரின் முகம் சுண்டிப்போனது. இளகிய மனசுக்காரரான டாக்டர் அதை அழித்துவிட்டுக் 'குழந்தை' என்று அடித்துச் சேமித்தார். மறுநாள் முந்நூறு மருத்துவமனைகளிலும் குழந்தைகளுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டதாகச் சான்றிதழ்கள் அச்சாகின. நகராட்சியிலிருந்து வந்த கடிதத்தை இரண்டு தரம் படித்த மேலாளர், "அக்கா எங்கே?" என்றார். அதுவரை அவர் அவளை அக்கா என்று கூப்பிட்டதே இல்லை.

அவள் வந்து உட்கார்ந்தாள். பொதுப்பட்டியலில் நாயை மறுபடி நாயாக்கிப் பூட்டினாள். பக்கத்தில் சின்னதாக இன்னொரு பட்டியல் போட்டாள்: எந்த மருத்துவமனை, எந்த விலங்கு, அவர்கள் வைத்த பெயர். வைத்திருந்தால் அவர்கள் திரையில் மட்டும் அது வரும், இல்லாவிட்டால் பொதுப்பெயர். நகராட்சிக்குப் போகும் தாளில் எப்போதும் பொதுப்பெயர்தான்.

அப்பாடா என்று நிமிர்வதற்குள் நாற்பது மருத்துவமனைகள் அழைத்துவிட்டன. "எங்க குழந்தைங்களை ஏன் திரும்ப நாயாக்கினீங்க?" அவரவர் கேட்ட பெயரை அவளே சின்னப் பட்டியலில் ஏற்றிக் கொடுத்தாள்.

அந்தச் சின்னப் பட்டியலுக்காக அந்த ஆண்டின் சிறந்த யோசனைக்கான கேடயம் மேலாளருக்குப் போயிற்று. அவளுக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி கிடைத்தது.

"உனக்குக் கோபமே வரலையா?" என்று கேட்டான் கணவன்.

"வந்துச்சு. ஆனா பட்டியல் பூட்டிக் கிடக்குல்ல, அது போதும்."

அடுத்த வாரம் அதே டாக்டர் அழைத்தார். "வேற சிலரும் 'குழந்தை'ன்னு வச்சிருக்காங்களாமே? அது என் வார்த்தை மேடம்!"

"யார் என்ன வச்சிருக்காங்கன்னு நான் சொல்லக் கூடாது டாக்டர்."

டாக்டர் விடவில்லை. "அப்ப எனக்கு 'வாரிசு'ன்னு மாத்திக் கொடுங்க."

"தாராளமா நீங்களே மாத்திக்கோங்க" என்றாள் அவள், பதினோரு வருஷத்தில் முதல்முறையாக.