தமிழில் ஒரு விலை, தாளில் ஒரு விலை

பெங்களூரில் யாராவது என்னிடம் கன்னடத்தில் பேசினால் கை தானாகப் போய் பர்ஸைத் தொட்டுப் பார்க்கும். தமிழில் பேசினால் அதே கை பர்ஸைத் திறந்துவிடும். எட்டு வருடமாக இந்த நோய் எனக்கு இருக்கிறது. ஊரில் இருக்கிறவர்களே, இங்கே புதிதாக வந்து இறங்கியிருக்கிறவர்களே, இதை எழுதும்போதுகூட எனக்கு வயிறு எரிகிறது. முழுசாகக் கேளுங்கள்.

என் மனைவி கவிதாவுக்கு ஏழாம் மாதம். போன செக்கப்புக்கு, நாங்கள் குடியிருக்கும் சந்தாபுராவிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது மூன்று கேப்காரர்கள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு கேன்சல் செய்தார்கள். ஒரு மணி நேரம் வெயிலில், பேருந்து நிறுத்தத்துக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். வலி வந்தால் என்ன செய்வது என்று அவள் கேட்கவில்லை, நான்தான் கேட்டுக்கொண்டேன். பிரசவத்துக்குள் ஒரு பழைய காராவது வாசலில் நிற்கவேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தோம். அவள் சீட்டு எடுத்த பணமும் என் சேமிப்பும் சேர்ந்தால் மூன்றரை லட்சம் தேறும்.

இரண்டே நாளில் என் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது, அதுவும் தமிழில். 'நம்ம ஊரு வண்டி. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் மட்டுமே.' படத்தில் வெள்ளை நிற கார், நம்பர் பலகையில் டிஎன். இவ்வளவு கன்னட எழுத்துக்கு நடுவில் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்ததும் சொந்தக்காரனை ரயில் நிலையத்தில் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. மூளை அங்கேயே கழன்றுவிட்டது என்று சொல்லலாம்.

ஓசூர் ரோட்டில் தகரக் கூரை போட்ட பெரிய இடம். வாசலில் நரைத்த மீசையோடு ஒரு வாட்ச்மேன். நான் விளம்பரத்தைக் காட்டியதும் உதட்டைப் பிதுக்கி, "ஈ காடி பேடா சார். தமிள்நாடு நம்பர்" என்றார். இந்த வண்டி வேண்டாமாம், தமிழ்நாட்டு நம்பராம். எனக்குச் சுருக்கென்றது. தமிழ்நாடு என்றால் உனக்கு என்ன கசக்கிறதா? அவர் மேலே ஏதோ சொல்ல வந்தார். நான் கையை வீசி அடக்கிவிட்டு, கவிதாவைக் கூட்டிக்கொண்டு உள்ளே நடந்தேன்.

உள்ளே வேலு இருந்தான். விற்பனைக்காரன், வாணியம்பாடிப் பக்கம். "வாங்கண்ணே, அண்ணிக்குச் சேர் போடுடா" என்று தேன் ஒழுகப் பேசினான். வண்டியும் நன்றாகத்தான் இருந்தது. முன்பணமாகப் பத்தாயிரம் டோக்கன் கொடுத்தேன். வளர்பிறை வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகப் பேச்சு.

எங்கள் திருவண்ணாமலையில் என் அப்பா பழைய மொபெட் வாங்கியது நினைவிருக்கிறது. விற்றவன் யோக்கியன் இல்லை, எஞ்சின் புகைவதை மறைத்துத்தான் விற்றான். ஆனால் அவன் முதலில் சொன்னதே உச்ச விலை. அப்பா திட்டித் திட்டி அதைக் கீழே இறக்கினார். ஊரில் விலை மேலேயிருந்து இறங்கும். இங்கேயோ கீழே நின்று சிரித்துக்கொண்டே மேலே ஏறுகிறது.

வெள்ளிக்கிழமை போனோம். "முதல்ல பூஜையைப் போடுங்கண்ணே, நல்ல நேரம் போயிடும். பேப்பர் எங்க போயிடப் போகுது" என்றான் வேலு. எங்களுக்கும் அதுதானே வழக்கம். மாலை போட்டு, கவிதா தன் கையால் பானெட்டில் சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, நான்கு டயருக்கும் அடியில் எலுமிச்சம்பழம் வைத்தோம். அதற்குப் பிறகுதான் அவன் தாளை நீட்டினான். நான்கு லட்சத்து முப்பதாயிரம்!

"இது என்னடா?"

"கர்நாடகா லைஃப் டாக்ஸ்ண்ணே. டிஎன் வண்டி இங்க ஓடணும்னா கட்டித்தான் ஆகணும். அப்புறம் என்ஓசி, பேர் மாத்துறது, எங்க சர்வீஸ் சார்ஜ். விளம்பரத்துலயே ஸ்டார் போட்டிருக்கோமே."

பார்த்தேன். இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி. தமிழில் தேடி வந்த விளம்பரத்தில் அந்த ஒரு வரி மட்டும் ஆங்கிலத்தில். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை, டோக்கனைத் திருப்பிக் கொடு என்றேன். டோக்கன் திரும்ப வராதாம். பிறகு குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னான் பாருங்கள்: "பூஜை போட்ட வண்டிய விட்டுட்டுப் போகக்கூடாதுண்ணே. அதுவும் அண்ணி மாசமா இருக்கறப்போ. கடன்கூட நானே ஏற்பாடு பண்றேன்."

பாவி! கன்னடக்காரனுக்கு இதைச் சொல்லத் தெரியுமா? எங்கே அடித்தால் எங்களுக்கு வலிக்கும் என்று நம்ம ஆளுக்குத்தான் தெரியும். நல்ல நேரத்தைச் சொல்லி அவசரப்படுத்தியதும் இதற்காகத்தான். என் கை அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டது. உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலை கடன் வாங்கிவிடலாமா என்று கணக்குப் போட்டது. அவன் சொன்ன சொல் அப்படிப் பயமுறுத்திவிட்டது.

கவிதாதான் எழுந்தாள். "ஏங்க, அவனை விடுங்க. இவன் வாயில சகுனம் பாக்கற அளவுக்கு என் புள்ள ஒண்ணும் கெட்டுப்போயிடல" என்றாள். டயருக்கு அடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுக்கக் குனிந்தாள், வயிறு விடவில்லை. அதற்குள் வாசலிலிருந்து வாட்ச்மேன் வந்து முட்டி போட்டு, நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துத் தன் சட்டையில் துடைத்து அவள் கையில் கொடுத்தார்.

"அவத்தே ஹேளிதே அல்வா சார்" என்றார் என்னைப் பார்த்து. அன்றைக்கே சொன்னேனே. "டாக்ஸ் கட்பேக்கு அந்தா ஹேளோக்கே பந்தே." வரி கட்டவேண்டியிருக்கும் என்று சொல்லத்தான் அன்றைக்கு வாயைத் திறந்திருக்கிறார். நான்தான் கையை வீசினேன். வேலுவின் மேல் வந்த கோபம் மொத்தமும் அப்படியே திரும்பி என் மேல் விழுந்தது. ஸாரி என்றேன், அதுகூட ஒழுங்காக வரவில்லை.

பத்தாயிரம் போனது போகட்டும் என்று வெளியே வந்தோம். அவரே ரோட்டில் இறங்கிக் கை காட்டி ஓர் ஆட்டோவை நிறுத்தினார். கேட்டுக்குள்ளே அந்த வெள்ளைக் கார், கழுத்தில் எங்கள் மாலையும் நெற்றியில் எங்கள் குங்குமமுமாக, டிஎன் நம்பரோடு நின்றுகொண்டிருந்தது. வரி கட்டாமல் இங்கே ஓட முடியாது, இனி அங்கே திரும்பப்போவதும் இல்லை.

கவிதாவை ஏற்றி உட்காரவைத்துவிட்டு வாட்ச்மேன் சிரித்தபடி கேட்டார்: "நிம்து யாவ ஊரு சார்?" எங்களுக்கு எந்த ஊராம்.

"திருவண்ணாமலை" என்றேன் நான்.

அதே நொடியில் ஆட்டோவுக்குள்ளிருந்து கவிதா, வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, "சந்தாபுரா" என்றாள்.