பரிசுக்கு வளர்த்த பூசணி

இலையோரம் கருக ஆரம்பித்ததும் நான் முதலில் சந்தேகப்பட்டது எங்கள் போர் தண்ணீரை. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வீடு கட்டியவர்கள் எல்லோரும் எந்தக் குறைக்கும் போர் தண்ணீரைத்தான் திட்டுவோம். முடி கொட்டினாலும் அதுதான் காரணம், பருப்பு வேகாவிட்டாலும் அதுதான். ஆனால் அந்தப் பூசணி அதே தண்ணீரில்தானே பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்கும் அளவுக்கு வளர்ந்தது? திடீரென்று என்ன வந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு எனக்கென்று ஆசைப்பட்டுச் செய்த முதல் காரியம் அந்தப் பூசணி. வேளாண் கண்காட்சியில் பெரிய காய்களுக்குப் போட்டி வைப்பார்கள். முந்தின வருஷம் வேடிக்கை பார்க்கப் போனவள், மேலூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்திருந்த மஞ்சள் பூசணியைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் அவரிடமே விதை கேட்டு வாங்கிவிட்டேன். வீட்டுக்குப் பின்னால் குழி எடுத்து எரு போட்டேன். ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் நானே தொட்டு வைத்தேன். ஒரே ஒரு பிஞ்சை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ளிப் போட்டேன். வெயில் படாமல் பழைய பருத்திச் சேலையைப் பந்தலாகக் கட்டினேன். காலமெல்லாம் பிள்ளைகளைப் பரிசு வாங்க மேடைக்கு அனுப்பியவள் நான். ஒரு தடவை நானே ஏறவேண்டும் என்று இருந்தது, இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

என் வீட்டுக்காரருக்கு இது பிடிக்கவே இல்லை என்றுதான் நினைத்தேன். ஆபீஸ் வேலை முடிந்து வீட்டோடு இருக்க ஆரம்பித்ததிலிருந்து என்னை டீச்சர் என்றுதான் கேலியாகக் கூப்பிடுவார். "ஏன் டீச்சர், கடையில கீத்துப் போட்டு விக்கிறான். அதுக்குப் போயி பந்தலு, எருன்னு எதுக்கு இம்புட்டுப் பாடு?" என்பார். தோட்டத்துப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்.

காய் பெருக்கப் பெருக்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டு அம்மா நாத்தனாரையெல்லாம் கூட்டிவந்து, "இம்புட்டுப் பெருச யாரு வெட்டி யாரு திங்கிறது டீச்சர்?" என்றார். விரல் நீட்டிக் காட்டினால் பிஞ்சு அழுகிவிடும் என்பார்கள் இல்லையா, அதனால் எல்லோரும் விரலை மடக்கிக்கொண்டுதான் காட்டினார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு குழந்தை விரலை நீட்டியபோது பாய்ந்துபோய் மடக்கிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் இலை கருகியது. எருச் சூடோ, வேர்ப்புழுவோ? மேலூர்க்காரருக்குப் போன் போட்டேன். "தண்ணியக் கொறச்சுப் பாருங்கம்மா," என்றார். குறைத்தேன், இன்னும் கருகியது. கூட்டினேன், கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்து மறுபடி வாடியது. போதாததற்கு வீட்டுக்குள் கல் உப்பு ஜாடி வேறு சீக்கிரம் சீக்கிரம் காலியானது. ரெண்டே பேர் இருக்கிற வீடு, அதிலும் அவருக்கு ரத்தக் கொதிப்பு என்று உப்பைக் குறைத்தே சமைப்பவள் நான். அவரிடம் கேட்டால், "டீச்சருக்கு மறதி வந்துருச்சு," என்றார். மறதிதானோ என்று அதையும் சில நாள் யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கோயிலுக்குப் போய்வருவது என் வழக்கம். கண்காட்சி நெருங்கிவிட்ட ஒரு வெள்ளிக்கிழமை, மனசு சரியில்லாமல் பாதி வழியிலேயே திரும்பிவிட்டேன். பின்பக்கம் அவர் நின்றிருந்தார், கையில் கல் உப்போடு. பூசணிக்குத் திருஷ்டி சுற்றி, உப்பை வாளித் தண்ணீரில் கரைத்தார். அந்தத் தண்ணீரை யார் காலும் படாத இடத்தில்தான் ஊற்றவேண்டும். எங்கள் தோட்டத்தில் யாரும் மிதிக்காதபடி நான் கல் வைத்து மறித்திருந்த ஒரே இடம் கொடியின் தூர்தான். நிதானமாக அங்கே கொண்டுபோய் ஊற்றினார்.

உருளைக்கிழங்குத் துண்டை உப்புத் தண்ணீரில் போட்டு, அது துவண்டு போவதை வருஷா வருஷம் வகுப்பில் காட்டியவள் நான். பார்த்ததுமே விளங்கிவிட்டது. கத்தத்தான் வாயைத் திறந்தேன்.

அவர் என்னைக் கண்டதும் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். "அம்புட்டுப் பேரு கண்ணும் இது மேலதான இருக்கு. தெனமும்தான் சுத்திப் போடுறேன். சொன்னா நீ சிரிப்ப," என்றார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "ஒனக்குப் பரிசு வரணும்ல," என்றார்.

எனக்கு வந்தது கோபமா அழுகையா தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து என் விஷயம் ஒன்றுக்காக இந்த மனுஷன் இப்படிக் கவலைப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தக் கவலைதான் என் கொடியைக் கொன்றுகொண்டிருந்தது. "போதும், இனிமே சுத்த வேணாம்," என்று மட்டும் சொன்னேன். தூரில் குடம் குடமாகத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், தேறவில்லை. கொடி காய்ந்து, காம்புப் பக்கம் காய் அழுகிவிட்டது. காரணத்தை அவரிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. சொல்லாமல் இருப்பது சரியா தப்பா, அதுவும் தெரியவில்லை.

கண்காட்சிக்கு நான் போகவில்லை. அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் என்னைக் கிழக்கே பார்த்து உட்காரச் சொன்னார். "காயோட போகல இது, ஒன்னையும் பிடிச்சிருக்கு," என்று கைநிறைய உப்பை எடுத்து என்னைச் சுற்றினார். நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உப்பைக் கரைத்த வாளியோடு பின்கதவு வரைக்கும் போனவர், அங்கேயே நின்று, "இத எங்க ஊத்த?" என்று கேட்டார்.

"இனி எங்க வேணாலும் ஊத்துங்க," என்றேன்.