ஆர்கன் பெட்டிக்குள் ஆசீர்வாதம் அண்ணன்

கத்திரி வெயில் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, கோயில் மணியடிக்கும் தாசு சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு உள்ளே வந்தார். தண்ணீர் கேட்டார், குடித்தார், சொம்பைக் கீழே வைத்தார். "ஆசீர்வாதம் ஐயா போயிட்டாருங்க" என்றார். எனக்கு எழுந்திருக்கத் தோன்றவில்லை. இந்த வயதில் இப்படிச் செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆனால் இந்த ஒரு செய்தி வருவதற்கு முன்னால் நான் உங்களிடம் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதனால்தான் இந்த மாதம் சபைப் பத்திரிகையில் இடம் கேட்டு வாங்கி எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் கடைசி வரை படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள்.

அவர் பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் நம் கோயிலில் கால் ஆர்மோனியம் வாசித்தவர். வாசிக்க உட்காருமுன் கை நகங்களில் மசி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார். சபையார் பாட்டை இழுத்தால் அவரும் இழுப்பார், ஓடினால் கூடவே ஓடுவார். "ஜனங்க முன்னாடி போகட்டும். வாத்தியம் பின்னாடி வந்தா போதும்" என்பார். அந்த ஆர்மோனியத்தின் துருத்தி கிழிந்து, பாட்டைவிட மூச்சு அதிகமாகக் கேட்டபோதுதான் குழாய் ஆர்கன் வேண்டும் என்ற பேச்சை அவர் எடுத்தார். சபையில் பாதிப் பேர் முகம் சுளித்தார்கள். மழைக்குக் கூரை ஒழுகுகிறது, ஆர்கன் ஒரு கேடா என்றார்கள். அவர் கோபப்படவில்லை. ஒன்பது வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். நான் சபைச் செயலாளர் என்பதால் கூடவே அலைந்தேன். அலைந்ததில் எனக்குக் கால்தான் வலித்தது. ஆசை அவருடையது.

ஆர்கன் கட்டித் தரும் கம்பெனி சீமையில் இருந்தது. அச்சடித்த கேள்வித்தாள் ஒன்று வந்தது. கோயிலின் நீளம் என்ன, உயரம் என்ன, எத்தனை பேர் உட்காருவார்கள், இப்படி. கடைசிக் கேள்வி, வருஷத்தில் கோயிலுக்குள் சூடு எவ்வளவு, மிகக் குறைந்தது எது, மிகக் கூடியது எது என்பது. அதற்கு முந்தைய கடிதத்திலேயே, கடுமையான வெயில் ஊர்களுக்குச் செய்து தரத் தயங்குவோம் என்று ஒரு வரி எழுதியிருந்தார்கள். எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒன்பது வருஷம் அலைந்தது வீணாகிவிடுமோ என்ற பயம். அது மார்கழி. விடிகாலையில் பீடத்தருகே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பார்த்தேன். அது காட்டியதைக் குறைந்ததாகவும், அதற்குச் சற்று மேலே ஒன்றைக் கூடியதாகவும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திருச்சி வெயிலைத் திருச்சிக்காரனே மறைத்தேன். மார்கழியில் பார்த்ததைத்தானே எழுதினோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய்தான்.

இரண்டு வருஷம் கழித்துப் பெட்டிகள் கப்பலில் வந்து, கூட்ஸ் வண்டியில் நம் ஊருக்கு வந்தன. பென்சில் அளவுக் குழாயும் இருந்தது, ஆள் உயரத்துக்கு இரண்டு பங்கு இருந்த குழாயும் இருந்தது. அண்ணன் லீவு போட்டுவிட்டு, கம்பெனியிலிருந்து வந்த துரைக்கு எடுபிடியாக நின்றார். துரை பேசும் இங்கிலீஷ் அவருக்குப் பாதி புரியாது. ஆனால் துரை கை நீட்டுமுன் எந்த ஸ்பானர் வேண்டுமோ அது அந்தக் கையில் இருக்கும். குழாய்களில் சில வெறும் காற்றில் ஊதுபவை. சிலவற்றுக்குள் ஆர்மோனியத்தில் இருப்பது போலப் பித்தளை நாக்கு உண்டு. நாக்கின் மேல் படியும் கம்பியைத் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்க வேண்டும். அதைக் கூர்ந்து பார்த்து, தட்டுவதற்கு மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றை அவரே செய்துகொண்டார். காலால் வாசிக்கும் கட்டைகளைப் பழக வீட்டுத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தார். "கூட்டிப் பெருக்கவே விடமாட்டேங்கிறாருங்க" என்று அவர் மனைவி மேரியக்கா என்னிடம் முறையிட்டார்.

அந்தக் கிறிஸ்மஸுக்குப் பிரதிஷ்டை. அவர் வாசித்ததை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கூரையைப் பற்றிப் பேசியவர்கள்கூட அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

பங்குனியில் ஆரம்பித்தது. ஊதும் குழாய்கள் எங்கோ மேலே ஏறிப் போயின. நாக்குக் குழாய்கள் இருந்த இடத்திலேயே நின்றன. இரண்டையும் சேர்த்து வாசித்தால் பல் கூசியது. சித்திரையில் பாட்டே பாட முடியவில்லை. "ஆர்மோனியம் மிதிச்ச காலுக்கு ஆர்கன் கேக்குது" என்று ஒருவர் வாசலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அண்ணன் அப்போது செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாட்டி முடித்துவிட்டுப் பொன்மலைக்கு நடந்தார். தன் கைதான் சரியில்லை என்று அவர் நிஜமாகவே நம்பியிருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆராதனை முடிந்த பிறகும் தனியாக உட்கார்ந்து, அதே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்ப்பாராம்.

என் ஆபீஸில் ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன் ஓய் சீமைக்கு எழுதறீர்? காத்து வாத்தியம்தானே? எங்க ஊர் நாயனக்காரரைக் கேளும்" என்றார். நானும் அண்ணனும் ஒரு பிற்பகலில் அடையவளஞ்சான் தெருவில் நாகஸ்வரக்காரர் வீட்டுக்குப் போனோம். அவர் மோர் கொடுத்துவிட்டு நாங்கள் சொன்னதைக் கேட்டார். "வெயில் ஏறினா சுருதி ஏறத்தானுங்க செய்யும். கோயில்ல காலையில வாசிக்கிறப்ப ஒண்ணு, உச்சியில ஒண்ணு. நாங்க அப்பப்பச் சேத்துக்குவோம். இதுல வாசிக்கிறவர் கையில ஒண்ணுமில்லைங்க" என்றார். பிறகு, "உங்க வாத்தியத்தை எந்தச் சூட்டுக்குன்னு சொல்லிச் செய்யச் சொன்னீங்க?" என்று கேட்டார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்வித்தாளை நிரப்பியது நான்தான் என்று அவருக்குத் தெரியும். நான் மோரைக் குடித்துக்கொண்டிருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது காவேரிப் பாலத்தில், "ஆத்துல சொட்டுத் தண்ணி இல்லை பாருங்க" என்றார்.

இனி எழுதப்போவதுதான் எழுதக் கஷ்டமானது. நான் கம்பெனிக்கு எழுதிக் கேட்டிருந்தேன். ஆர்கன் விஷயமாகச் சபைக் கமிட்டி கூடுவதற்கு ஒரு வாரம் முன்பு பதில் வந்தது. நீங்கள் கொடுத்த சூட்டுக்கு ஏற்பச் செய்தோம், உண்மையான சூடு தெரிந்திருந்தால் நாக்குக் குழாய்களைக் குறைத்திருப்போம், பருவத்துக்குப் பருவம் அவற்றைச் சேர்க்க வேண்டும், வாசிப்பவர் மேல் குற்றம் ஏதுமில்லை என்று தெளிவாக இருந்தது. அதை என் மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். கமிட்டியில், மதராஸில் பரீட்சை எழுதித் தேறிய ஒருவரை வரவழைப்பது என்றும், ஆசீர்வாதம் அவர்களுக்கு நன்றி தெரிவிப்பது என்றும் முடிவாயிற்று. தீர்மானத்தை எழுதியது நான். நல்ல கையெழுத்தில்தான் எழுதினேன்.

புதியவர் வந்து சேர்ந்த வாரம், சனிக்கிழமை காலை அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கையில் பித்தளைக் கம்பி. "செக்ரட்டரி சார், சாவியை எடுத்துக்கிட்டு வாங்க. ஆராதனை நேரத்துச் சூட்டுல சேத்துருவோம். நீங்க கட்டையை அழுத்துங்க, நான் உள்ளே போறேன்" என்றார். ஆர்கன் பெட்டியின் பின்பக்கக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார். அந்தப் புழுக்கத்தில் இரண்டு மணி நேரம். ஒரு குழாய் சேர்ந்ததும், "ம், அடுத்தது" என்று குரல் மட்டும் வரும். மறுநாள் புதியவர் வாசித்தார், சுருதி சுத்தமாக இருந்தது. "கை தெரிஞ்சவர் வந்ததும் சரியாயிட்டுது பாத்தீங்களா" என்று நீங்கள் பேசிக்கொண்டீர்கள். அண்ணன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார். அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பங்குனியில் ஒரு தடவை, கார்த்திகையில் ஒரு தடவை, நாங்கள் இருவரும் இதைச் செய்தோம். கோயிலுக்குத் தூசி தட்டப் போகிறோம் என்று தாசிடம் சொல்லியிருந்தோம்.

ஒருமுறை என்னால் தாங்க முடியவில்லை. முகம் தெரியாமல் இருந்தது வசதியாகவும் இருந்தது. கட்டையை அழுத்தியபடியே, "அண்ணே, அந்தச் சூட்டைத் தப்பா எழுதினது நான்தான். உங்க மேல குத்தமில்லைன்னு கம்பெனிக்காரன் லெட்டரும் போட்டான். அதையும் மறைச்சிட்டேன்" என்றேன். உள்ளே கம்பி தட்டும் சத்தம் நின்றது.

"லெட்டர் வந்தது தெரியாது. மத்தது ஸ்ரீரங்கத்துலயே தெரியும்" என்றார். பிறகு, "வெளியில சொல்லாதீங்க. சொன்னா ஆர்கனையே வேண்டாம்பாங்க. அடுத்தது" என்றார். அவர் என்னை மன்னித்தாரா, ஆர்கனுக்காகப் பொறுத்துக்கொண்டாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கத் துணிவும் வரவில்லை.

இந்த வருஷம் மாசியிலேயே அவர் படுத்துவிட்டார். பங்குனியில் யாரும் பெட்டிக்குள் போகவில்லை. அவருடைய அடக்க ஆராதனையில் ஆர்கன் எப்படிக் கத்தியது என்று நீங்களே கேட்டீர்கள். எனக்கு முன் வரிசையில் ஒருவர், "இவருக்கும் கை போயிட்டுது போல" என்று முணுமுணுத்தார். வாசித்துக்கொண்டிருந்தவரின் காது சிவந்துபோயிருந்தது. சவப்பெட்டி எதிரே இருக்க, அன்றும் நான் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன்.

கம்பெனியின் கடிதத்தைப் போதகரிடம் கொடுத்துவிட்டேன். யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். ஆர்கனை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அவர் பயந்தது அதற்குத்தான். பித்தளைக் கம்பியை மேரியக்கா என்னிடம் தந்தார். "உங்களைத் தவிர வேற யாருக்குங்க இது எதுக்குன்னு தெரியும்" என்றார். அவருடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

வரும் சனிக்கிழமை காலை கோயிலைத் திறக்கிறேன். இப்போது வாசிப்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கம்பியைக் கொடுங்கள், நான் உள்ளே போகிறேன் என்கிறார். அப்படியானால் ஆர்கன் முன்னால் வாசிப்பவர் உட்காரும் பலகையில் உட்கார்ந்து கட்டையை நான்தான் அழுத்த வேண்டும். சுருதி சேர்க்க இத்தனை வருஷம் நான் உட்கார்ந்த அதே பலகைதான். அதை ஆசீர்வாதம் அண்ணனிடமிருந்து எடுத்தது கமிட்டி இல்லை, நான்.