மான் வரும் நேரம் எழுதிய ரெய்னோ

எங்கள் கோர்பிவாரா ஊரில் துப்பாக்கி வைத்திருக்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை. நோட்டு வைத்திருந்தவர் ரெய்னோ ஒருவர்தான். பிழைப்புக்குப் பால் லாரி ஓட்டினார். பண்ணை பண்ணையாகப் போய்க் குழாயை மாட்டிப் பாலை ஏற்றிக்கொண்டு டவுனில் கொண்டுபோய் இறக்குவார். இலையுதிர்காலம் வந்துவிட்டால் மனுஷன் வேறு ஆள். சனி ஞாயிறு எங்கள் குழுவோடு மூஸ் வேட்டைக்கு வருவார். மூஸ் என்றால் குதிரை உயரத்துக்கு நிற்கும் மான். அதை ஒருவர் சுட்டாலும் கறி ஊருக்கே பங்கு.

வேட்டை முடிந்து மற்றவர்கள் சவுனா என்கிற நீராவிக் குளியலறையில் குளித்துக்கொண்டிருக்கும்போது இவர் முன்னறையில் துண்டோடு உட்கார்ந்து எழுதுவார். காற்று எந்தப் பக்கம், உறைபனி விழுந்ததா, பிர்ச் மரத்து இலை உதிர்ந்துவிட்டதா, மான் மரங்களுக்கு நடுவே எந்த இடைவெளியில் வந்தது, நடந்து வந்ததா ஓடி வந்ததா, எல்லாம் எழுதுவார். புகை நாற்றம் அடிக்கிறது என்று மனைவி ஹெல்மி அந்த நோட்டுகளை வீட்டுக்குள் விடவில்லை. அவை சவுனா பரணிலேயே வரிசையாக வளர்ந்தன.

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு வருஷம், மற்ற குழுக்கள் வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தபோது, எங்களுக்கு மட்டும் ரெய்னோ சொன்ன இடத்தில் சொன்ன காற்றில் மான் வந்தது. அதோடு சிரிப்பு நின்றது. வேட்டைத் தலைவி ஔனே, யாரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு முன் அவர் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தாள். ரெய்னோவுக்குத் தலையில் கொஞ்சம் கனம் ஏறியதும் அப்போதுதான். நல்ல மனுஷர்தான். ஆனாலும் ஏறியது.

அவர் கண்டுபிடித்ததில் அவருக்கே மிகவும் பிடித்தது ஓடைமூலைக் கணக்கு. சதுப்பிலிருந்து வரும் வாய்க்கால் ஊசியிலைக் காட்டைத் தொடும் மூலை அது. முதல் கடும் உறைபனிக்குப் பிறகு கிழக்குக் காற்று அடித்தால், அங்கே ஒரு பெரிய மான் வரும். தனியாக வரும். குட்டியோடு ஒரு மான் அந்த வழியில் வந்ததாக எந்த நோட்டிலும் ஒரு வரி கிடையாது. "தனியாக வரும்" என்பதைச் சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

அந்த அக்டோபர் காலையில் கிழக்குக் காற்று. வாய்க்கால் ஓரம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. நெருப்பைச் சுற்றி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தோம். ஹெல்மியின் தம்பி தௌனோதான் மானைக் கிளப்ப நாய் விடுகிறவன். நாய் ஹல்லாவின் கழுத்துப்பட்டையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மச்சானைச் சீண்டினான்.

"ஔனே அக்கா, இன்னிக்கு நானும் நாயும் எதுக்கு? எங்க அத்தான் மானுக்கெல்லாம் டைம் டேபிள் போட்டு வெச்சிருக்காரு. மான் லேட்டா வந்தா ஃபைன் போடுவாரு."

"நீ நாயை ஒழுங்கா நடத்து மாப்ள. மானை நான் பாத்துக்கறேன்" என்றார் ரெய்னோ. காது வரை சிரிப்பு.

ஔனே தபால் வேன் ஓட்டி ஓய்வு பெற்றவள். ஒவ்வொரு காலையும் ஒரே பாட்டுத்தான் பாடுவாள். அன்றும் பாடினாள். "பெட்டை வந்தா கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. பின்னாடி குட்டி வருதான்னு பாருங்க. பாத்துட்டு சுடுங்க. குட்டியோட தாயைச் சுட்டா சட்டமும் விடாது, நானும் விடமாட்டேன். ரெய்னோ, உனக்கும்தான்."

"எனக்குமா? ஓடைமூலையில குட்டி வராது அக்கா."

"சரிப்பா. வராத குட்டியையும் பாரு."

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

ரெய்னோ ஓடைமூலையில் போய் நின்றார். சதுப்புக்கு அந்தப் பக்கம் ஹல்லா குரைத்தது. கொஞ்ச நேரத்தில் வாய்க்கால் ஓரமாகப் பனி நொறுங்கும் சத்தம். பெட்டைதான். நல்ல உயரம். நோட்டில் எழுதியிருந்தபடியே, அதே இடைவெளியில், நடந்து வந்தது. ரெய்னோவுக்கு உடம்பெல்லாம் சந்தோஷம் பரவியது. மான் கிடைத்ததில் இல்லை, தான் எழுதியது பலித்ததில். துப்பாக்கியை உயர்த்தினார். நிற்கவில்லை, பின்னால் பார்க்கவில்லை. சுட்டார்.

பெட்டை முழங்காலிட்டு விழுந்தது. அதற்குப் பின்னால், வில்லோப் புதருக்குள்ளிருந்து, செம்பழுப்பு நிறத்தில் நீண்ட கால்களோடு குட்டி வெளியே வந்தது. தாயைப் பார்த்தது. பிறகு ரெய்னோவைப் பார்த்தது. ஓடக்கூட அதற்குத் தெரியவில்லை. அவர் கையை அசைத்த பிறகுதான் வடக்கே ஓடியது.

வாக்கி-டாக்கியில் ஔனேயின் குரல் வந்தது. "யாரு சுட்டது?"

"நான்தான்" என்றார் ரெய்னோ. வாய் தானாகவே மேலும் பேசியது. "பெட்டை. தனியா வந்துச்சு."

குழுவிலிருந்த எல்லோர் காதிலும் அது விழுந்தது. யாரோ ஒருவர், "பலே, நோட்டு" என்றார். அந்தப் பாராட்டுத்தான் அவரைக் கவிழ்த்தது. இனிச் சொல்வதென்றால் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயிற்றைக் கிழித்துச் சுத்தம் செய்யக் கத்தியை எடுத்தார். மடி கனத்திருந்தது. யார் பார்த்தாலும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். அதை அறுத்தார். வெதுவெதுப்பாகக் கைமேல் பால் வழிந்தது. வாழ்க்கை முழுக்கப் பால் ஏற்றிய கை அது. அந்த மணம் அவருக்குத் தெரியாததில்லை. மடியைப் பாசிக்கு அடியில் திணித்துக் காலால் மிதித்துவிட்டு, கையை வாய்க்கால் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தார். தன்னை யாராவது இந்தக் கோலத்தில் பார்த்தால் அங்கேயே செத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் வந்து சேர்ந்தது தௌனோவும் நாயும். "அத்தான், உங்க மான் கரெக்ட் டயத்துக்கு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். ஹல்லா மானை மோந்து பார்க்கவே இல்லை. நேராகப் பாசிக்குப் போய் முன்கால்களால் பறித்தது. மடியைக் கவ்வி இழுத்து, வாலை ஆட்டிக்கொண்டு, கொண்டுவந்து தௌனோவின் காலடியில் போட்டது. அதன் மூக்கெல்லாம் பால்.

தௌனோ கீழே பார்த்தான். மச்சானைப் பார்த்தான். வாய்க்கு ஓய்வே கொடுக்காத பையன், ஒரு வார்த்தை பேசவில்லை. குனிந்து மடியை எடுத்து, நாய்க்கு எட்டாத இடத்தில், வாய்க்காலின் ஆழத்தில் போட்டான். நாயின் மூக்கைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். மற்றவர்கள் மரங்களுக்கிடையே பேசிக்கொண்டே வருவது கேட்டது.

"தௌனோ..." என்றார் ரெய்னோ.

"கயிறு எங்க அத்தான்? இழுக்கணும்ல" என்றான் அவன், வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டு.

சாயங்காலம் கொட்டகையில் பங்கு. கறியை ஆறப்போட்டுப் பின்னொரு நாளில் பிரிக்கிற பெரிய குழுக்கள் உண்டு. எங்கள் ஊரில் முதல் மானை அன்றைக்கே பிரித்துவிடுவோம். கறியைக் குவியல் குவியலாக மேசையில் வைப்பார்கள். பெரியது சிறியது என்ற பேச்சு வரக்கூடாது என்பதற்காக, ஒருவர் சுவரைப் பார்த்து முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்க, முதுகு காட்டி நிற்கிறவர் ஒரு பெயர் சொல்ல வேண்டும். அந்த வேலை தௌனோவுக்கு உரியது. அவன் சொல்லும் பெயர்களுக்காகவே குழந்தைகள் வருவார்கள். "பல்லில்லாதவருக்கு", "போன வருஷம் மரத்தைச் சுட்டவருக்கு" என்று இழுப்பான்.

அன்று வெறும் பெயர்களைச் சொன்னான்.

"இது யாருக்கு?"

"ஔனே அக்காவுக்கு."

"இது?"

"வில்ஹோவுக்கு."

என்னப்பா தௌனோ, காய்ச்சலா என்று யாரோ கேட்டார்கள். அவன் திரும்பவில்லை. ஒவ்வொருவராக வந்து தங்கள் பாத்திரத்தில் அள்ளிக்கொண்டார்கள். ரெய்னோ கதவோரம் நின்றார். பக்கத்தில் ஹெல்மி, நீலத் தொட்டியோடு. கடைசியில் ஒரே ஒரு குவியல் மிஞ்சியது. சொல்ல வேண்டிய பெயரும் ஒன்றுதான் பாக்கி.

"இது யாருக்கு?"

தௌனோ பேசவில்லை. சுவரைப் பார்த்தபடியே நின்றான். கழுத்து சிவந்துபோயிருந்தது.

"ஏண்டா, சொந்த அத்தான் பேரு மறந்துபோச்சா?" என்று வில்ஹோ கேட்க, கொட்டகையே சிரித்தது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரெய்னோ சொல்லிவிட்டார். "குட்டி இருந்துச்சு." யாருக்கும் புரியவில்லை. திரும்பவும் சொன்னார். "பின்னாடி குட்டி வந்துச்சு. நான் பாக்கல. சுட்டப்புறம்தான் பாத்தேன். தனியா வந்துச்சுன்னு சொன்னது பொய். மடியை அறுத்து ஒளிச்சு வெச்சேன்."

தௌனோவின் பெயரை அவர் சொல்லவில்லை. தௌனோ அப்போதுதான் திரும்பினான். "நானும் பாத்தேன். நானும் சொல்லல" என்றான்.

யாராவது திட்டியிருந்தால் ரெய்னோவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. வில்ஹோ தன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கறியைத் திரும்ப மேசையில் கொட்டினார். பிறகு அடுத்தவர். ஒவ்வொருவராக வரிசையில் வந்து, குளிர்காலத்துச் சாப்பாட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். அவரைத் தாண்டிப் போகும்போது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவருக்குப் பதிலாக அவர்கள் வெட்கப்பட்டார்கள். அதை அவரால் தாங்க முடியவில்லை.

ஔனே போலீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்து கறியையும் ரெய்னோவின் துப்பாக்கியையும் கொண்டுபோனார்கள். தாயில்லாத குட்டி பனியைத் தாங்காது, அதை முடித்துவிடுவதுதான் இரக்கம் என்று அவள் கேட்க, அனுமதியும் கொடுத்தார்கள். பிறகுதான் அவள் ரெய்னோவிடம் வந்தாள்.

"எந்தப் பக்கம் ஓடுச்சு?"

"வடக்க."

"திரும்பி வருமா? உன் நோட்டு என்ன சொல்லுது?"

அவள் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். ரெய்னோவுக்கு நோட்டைப் பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முன்னொரு வருஷம் ரோட்டில் லாரி அடித்து ஒரு பெட்டை செத்தபோது, அதன் குட்டி திரும்பி வந்ததைப் பார்த்து அவரே எழுதியதுதான். "வரும். விடியும்போது வரும். தாய் விழுந்த இடத்துக்கே வரும்."

"அப்போ நாளைக்கு நீ தௌனோவைக் கூட்டிட்டுப் போ. இடம் காட்டு. அவன் சுடட்டும்."

வீட்டில் ஹெல்மி காலித் தொட்டியைக் கழுவினாள். அதில் கறி பட்டிருக்கவே இல்லை. இருந்தும் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"நீங்க தப்பு பண்ணினீங்க, அது யாருக்கும் வரும்" என்றாள், முகத்தைத் திருப்பாமல். "என் தம்பி வாயை அடைச்சுட்டீங்களே. அவன் பேசாம நின்னதைப் பாத்தீங்களா?"

ரெய்னோ மனசுக்குள் அதைத்தான் பார்த்துக்கொண்டே இருந்தார்.

விடியற்காலையில் இருவரும் ஓடைமூலையில் ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். காற்று இன்னும் கிழக்கு. ரெய்னோவின் மடியில் துப்பாக்கி இல்லை, கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டார். ஓடைமூலைக்கு வந்த வருஷங்களில் முதல் தடவையாக, தான் எழுதியது பொய்யாகட்டும், எல்லா நோட்டும் பொய்யாகட்டும் என்று வேண்டினார்.

வெளிச்சம் வந்தபோது குட்டியும் வந்தது. அதே இடைவெளியில், நடந்து வந்தது. இரத்தம் உறைந்திருந்த பாசிக்கு மூக்கைக் கொண்டுபோய் மோந்து நின்றது. ஒரு தடவை மெல்லக் கூப்பிட்டது.

தௌனோ துப்பாக்கியை உயர்த்தினான். ஆனால் சுடவில்லை. குட்டியைத் தாண்டி, வில்லோப் புதரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரெய்னோ காத்திருந்தார். அவன் கண்ணை எடுக்கவில்லை.

"என்ன மாப்ள?" என்றார் அடிக்குரலில்.

"பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாக்கணும்ல அத்தான்."

அவன் சீண்டவில்லை. சின்ன வயதிலிருந்து ஔனே சொல்லிச் சொல்லி ஏற்றிய பழக்கம், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதைச் சொல்ல ரெய்னோ ஒருவர்தான் அங்கே இருந்தார்.

"யாரும் வரமாட்டாங்க" என்றார். "நீ சுடு."